ஞானதீபம் காயப்போட்ட நரம்பு

அத்தியாயம் 14

ஒரு நாய் மாடிப்படி ஏறிப் போனதற்காக ஒரு பெண் எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நம்புவீர்களா? ஞானதீபத்தைக் கேட்டால், "நான் நல்லாத்தான சாப்பிடுறேன்" என்பாள். அவள் தட்டில் மிஞ்சிய சோறு வேறு கதை சொல்லும்.

அந்த மாடிப்படி விவகாரம் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். கொழுந்தன் பெண்டாட்டி ஜாஸ்பினுக்குக் கூரியரில் ஒரு பாக்கெட் வந்தது. நாய் மெல்லுவதற்கென்றே காயவைத்து விற்கிற மாட்டு நரம்பு, ஒரு சாண் நீளத்தில் ஐந்து குச்சிகள். மாடியில் பாக்கெட்டைப் பிரித்ததும், கீழே ஞானதீபத்தின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த சிம்சோன் எழுந்தது. உடம்பை உதறியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போனது.

சிம்சோன் பாதி சிப்பிப்பாறை, பாதி தெரு. ஏழு வருஷத்துக்கு முன்னால் கண் திறக்காத குட்டியாகச் சாத்தூர் ரோட்டு ஓடையோரம் கிடந்ததை ஞானதீபம்தான் எடுத்து வந்தாள். பஞ்சில் பால் நனைத்துப் புகட்டிப் பிழைக்க வைத்தாள். வேதத்தில் சிங்கத்தின் வாயைக் கிழித்தவன் பெயரை நாய்க்கு வைக்கலாமா என்று சபையில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவர்கள் வருத்தப்பட்டிருக்கவே வேண்டாம். ஓர் ஊசிவெடி வெடித்தால் போதும், நம் சிம்சோன் கட்டிலுக்கடியில் இருக்கும். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் குடியிருந்துகொண்டு வெடிக்குப் பயப்படுவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலமானால் ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் மாதிரிக்கு வெடித்துப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் அது நடுங்கிக்கொண்டு ஞானதீபத்தின் சேலைக்குள் முகத்தைப் புதைக்கும்.

இப்போது அந்த நேரத்தில் மாடியில் ஜாஸ்பினின் காலடியில் படுத்துக் குச்சி மெல்லுகிறது. நடுக்கமே இல்லை.

நாயின் நடுக்கம் நின்றதில் சந்தோஷப்பட வேண்டியவள், அந்த நடுக்கத்துக்காக ஏங்கினாள். அது தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிறு எரிந்தால் எரிந்ததுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஞானதீபத்துக்குப் பதினெட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் நாயைத் தொட மாட்டாள். "ஏலே, கையில மருந்து ஒட்டியிருக்கும், தள்ளிப் போ" என்று விரட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவாள். அவள் வெளியே வரும்வரை சிம்சோன் குளியலறை வாசலிலேயே கிடக்கும். ஏழு வருஷமாக ஒருநாள் தப்பியதில்லை.

எட்டு நாளாக அந்த வாசல் காலியாக இருந்தது.

* * *

அன்றைக்கு ஊரில் பங்குனிப் பொங்கல். கம்பெனி லீவு. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கோவில் மைதானத்தில் வாணவேடிக்கை. போன வருஷம் இதே நாளில் சிம்சோன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, மூன்றாம் நாள் விஸ்வநத்தத்தில் ஒரு லாரிக்கடியில் கால் கிழிந்து கிடந்தது. இந்த வருஷம் அப்படி ஆகக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை.

காலை ஏழு மணிக்கு ஜாஸ்பின் நர்ஸ் யூனிபார்மில் கீழே இறங்கி வந்தாள். அவளுக்குச் சாத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணமாகிப் பத்து மாதம்தான் ஆகிறது. கையில் அந்தப் பாக்கெட்.

"அக்கா, இன்னைக்கு நான் வர ஆறரை ஆயிரும். இதுல கடைசியா ஒரு குச்சி இருக்கு. ஆறு மணிக்கே குடுத்திருங்க. வெடி போடுறதுக்கு முன்னயே மெல்ல ஆரம்பிச்சிட்டா அதுக்கு மனசு இதுலயே இருக்கும்."

"ம்."

"பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்க. தண்ணி வெச்சிருங்க. கட்டைவிரல் அளவுக்குக் குறைஞ்சிட்டா வாங்கிருங்க, முழுங்கிரும். பிடுங்க மட்டும் செய்யாதீக. வேற எதையாவது காட்டுனா அதுவா விட்டுரும். இதுலயே சத்து இருக்கு, அதனால ராத்திரிச் சோத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு..."

"ஏழு வருசமா நான் வளத்த நாயி ஜாஸ்பின். அதுக்குச் சோறு போட நர்ஸம்மாகிட்டதான் படிக்கணுமாக்கும்?"

ஜாஸ்பின் முகம் சிறுத்துப் போனது. "அதுக்குச் சொல்லலக்கா. போன மாசம் அந்த எலும்பு..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

எலும்பு! போன மாதம் ஞானதீபம் ஆசையாகக் குழம்பில் வெந்த எலும்பைப் போட்டாள். அது சிம்பு சிம்பாக உடைந்து நாயின் மேல் அண்ணத்தில் குத்தி நின்றது. ஜாஸ்பின்தான் டார்ச் அடித்து இடுக்கியால் எடுத்தாள். "நல்ல வேளை, ஜாஸ்பின் இருந்தா" என்றார் ஞானதீபத்தின் கணவர் இன்பராஜ். அவர் சொன்னது அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தை இன்னும் அவள் நெஞ்சில் குத்தி நின்றது. அதை எடுக்க எந்த இடுக்கியும் இல்லை.

காப்பியோடு வாசலுக்குப் போனாள். இன்பராஜும், அவர் தம்பி, ஜாஸ்பினின் புருஷன் ஜெபசுந்தரும் லோடு வண்டியில் சாய்ந்து ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன ரகசியம்?"

"ஒண்ணுமில்ல மதினி, லோடு விசயம்" என்றான் ஜெபசுந்தர். டம்ளரை வாங்கும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள். இன்றைக்கு அவளிடமே ஒரு ரகசியம் இருந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால், தகரக் கூரையின் மேல், வெள்ளைத் துணி மூடிக் காய்ந்துகொண்டிருந்தது.

* * *

மூன்று நாளுக்கு முன்னால் சிவகாசிக் கறிக்கடையில் போய் நின்றாள்.

"என்ன தாயி, பிரியாணிக்கா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல பாய். மாட்டுப் பின்னங்கால் நரம்பு வேணும். துண்டு போடாதீக, முழுசாக் குடுங்க."

"சூப்புக்கா?"

"ஆமா, சூப்புக்குத்தான்."

நாய்க்கு என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்துபோயிருக்க மாட்டாள். ஆனாலும் சொல்லவில்லை. பொறாமையில் செய்கிற காரியத்துக்குப் பொய் தானாகவே துணைக்கு வந்து நிற்கும்.

என்ன வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஜாஸ்பின் தன் புருஷனுக்கு விளக்கிச் சொன்னதை மாடிப்படிக்குக் கீழே நின்று பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கேட்டிருந்தாள். உப்பு, மசாலா, சாயம் எதுவும் கூடாது. ஒரே பொருளாக இருக்க வேண்டும். வெள்ளைவெளேரென்று முடிச்சுப் போட்டு விற்கிற தோல் ஆகாது, அது வயிற்றுக்குள் ஊறி உப்பிக் குடலை அடைக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாக இடம் கொடுக்க வேண்டும், கல் மாதிரி இருந்தால் பல் போய்விடும். நாயின் வாயைவிட நீளமாக இருக்க வேண்டும். அரைமணி நேரமாவது தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். உப்பில்லாமல் அவித்தாள். நீளவாக்கில் வகிர்ந்தாள். காயப்போட ஒரு சட்டம் தேடினாள். குளியலறைக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்குக் கதவு போட என்று இன்பராஜ் கொண்டுவந்த ஒரு கம்பிவலைச் சட்டம் நாலு மாதமாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு தடவை கழுவினாள். வலையின் முடிச்சுகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்தாள்.

இது எங்கிருந்து வந்தது என்று புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். அதனால் கேட்கவில்லை.

பங்குனி வெயில், அதுவும் சிவகாசி வெயில். மூன்றே நாளில் நரம்பு தேன் நிறத்தில் முறுகிக் காய்ந்துவிட்டது. கூரியர் பாக்கெட்டில் வந்ததற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் உண்டு என்று அவள் சொல்லுவாள். இது அவள் கையால் செய்தது.

* * *

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஜாஸ்பின் வைத்துவிட்டுப் போன பாக்கெட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தாள். தன் குச்சிகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"ஏலே சிம்சோன். இங்கன வா."

மாடிப்படியில் ஜாஸ்பினுக்காகக் காத்துக் கிடந்த நாய் மூக்கை உயர்த்தியது. ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. பிறகு ஒரே ஓட்டமாக வந்து, குச்சியை வாங்கி, அவள் காலடியிலேயே படுத்து, இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டு மெல்லத் தொடங்கியது.

ஞானதீபத்துக்கு எட்டு நாளுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

ஆறரை அடித்ததும் மைதானத்தில் முதல் வாணம் ஏறி வெடித்தது. சிம்சோனின் காது துடித்தது. எழுந்து ஓடவில்லை. முதுகை அவள் கணுக்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெல்லுவதைத் தொடர்ந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

'வரட்டும். வந்து பார்க்கட்டும். யாருடைய காலடியில் கிடக்கிறது என்று நல்லாப் பார்க்கட்டும்.'

அந்த நினைப்பு கொடுத்த சுறுசுறுப்பில்தான் எழுந்தாள். மிச்சக் குச்சிகளில் இரண்டு கொஞ்சம் தடிமன். நடுவில் ஈரம் இருந்தது. அடுப்பில் லேசாக வாட்டி, ஜாஸ்பின் கண்ணில் படுகிற மாதிரி மேசையில் அடுக்கி வைக்க வேண்டும் என்று ஆசை. கேஸைப் பற்றவைத்து, இடுக்கியில் ஒரு குச்சியைப் பிடித்துத் தீயில் காட்டினாள்.

நீலத் தீயின் நுனி பச்சையாகியது.

பாத்திரப் பொடி ஏதும் ஒட்டியிருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சுர்ரென்று ஒரு சின்னப் பொறி. மறுபடியும் பச்சை.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் கறி கருகுகிறது என்று நினைத்திருப்பாள். ஞானதீபத்துக்கு அந்தப் பச்சை தெரியும். பதினெட்டு வருஷமாக, சாம்பிள் வெடிக்கும்போதெல்லாம் வானத்தில் பார்த்த பச்சை. மருந்தில் அதற்கென்று ஓர் உப்பு சேர்ப்பார்கள். அந்த உப்பைத் தொட்ட கையோடு சோற்றில் கை வைக்காதே என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

"ஏங்க! கோழிக்கூட்டுக்குன்னு கொண்டாந்தீகளே ஒரு சட்டம், அது எங்கன உள்ளது?"

கொல்லையிலிருந்து இன்பராஜின் குரல் சாவகாசமாக வந்தது. "மணிமருந்து காயப்போடுற சட்டம். கம்பெனில புதுசு மாத்துனாங்க, பழசைத் தூரப்போடச் சொன்னாங்க. நல்ல வலையா இருக்கேன்னு எடுத்தாந்தேன். ஏன்?"

மணிமருந்து என்றால் வாணத்துக்கு நிறம் கொடுக்கிற மருந்து உருண்டை. அவள் முன்னறைக்கு ஓடினாள்.

ஒரு சாண் குச்சியில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

"குடுலே, குடு அதை!" என்று கையை நீட்டினாள். வெளியே சரம் சரமாக வெடித்துக்கொண்டிருந்தது. பயத்தில் நாய் குச்சியை இன்னும் இறுக்கிக் கடித்தது. உதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி, உறுமியது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்து உறுமியது.

பிடுங்க மட்டும் செய்யாதீக. வேற எதையாவது காட்டுனா அதுவா விட்டுரும்.

ஜாஸ்பின் குரலேதான். ஞானதீபம் அடுப்படிக்கு ஓடி, டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். அரிசி தரையெல்லாம் கொட்டியது. பாக்கெட் அகப்பட்டது. பல்லால் கிழித்து, ஜாஸ்பினின் குச்சியைச் சிம்சோனின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். நாய் முகர்ந்தது. யோசித்தது. அவள் செய்ததைக் கீழே போட்டுவிட்டு, அதை வாங்கிக்கொண்டது.

போட்டதைப் பறித்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் ஜாஸ்பின் நின்றாள்.

தரையில் அரிசி. கிழிந்த பாக்கெட். ஞானதீபத்தின் கையில் வேறு ஒரு குச்சி. நாயின் கடைவாயில் நூல் நூலாக எச்சில் ஒழுகத் தொடங்கியிருந்தது.

"என்னாச்சுக்கா?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். உன் குச்சியைத் தின்றுதான் இப்படி ஆனது என்று சொன்னால்கூட மறுக்க ஆள் இல்லை. அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். வந்தது. எச்சில் ஒழுக நின்ற நாயைப் பார்த்ததும் போய்விட்டது.

"நான் கெடுத்துட்டேன் ஜாஸ்பின். நானா நரம்பு வாங்கி அவிச்சுக் காயப்போட்டேன். மணிமருந்துச் சட்டத்துல போட்டுத் தொலைச்சேன். தீயில பச்சையா எரியுது. உன் பாக்கெட்டை அரிசிக்குள்ள ஒளிச்சு வெச்சேன்." மூச்சு வாங்கினாள். "அது உன்கிட்ட வந்து படுக்கிறதை என்னால பாக்க முடியல. அதான்."

ஜாஸ்பின் பையைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். ஈறை விலக்கிப் பார்த்தாள். வாயிலிருந்த குச்சியை நைசாக வாங்கிவிட்டு, ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்தாள்.

"எம்புட்டு உள்ள போயிருக்கும்? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"இம்புட்டு." விரலை விரித்துக் காட்டினாள். "ஆறு அடிக்கப் பத்து நிமிசம் இருக்கும்போது."

பின்னால் வந்து நின்ற இன்பராஜ், "உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்துவோம், வாந்தி எடுத்திரும்" என்றார்.

"வேண்டாம் அத்தான். நாமளா எதையும் ஊத்தக் கூடாது. டாக்டர் பாத்துச் சொல்லட்டும். உங்க தம்பியை வண்டியை எடுக்கச் சொல்லுங்க. அக்கா, மிச்சக் குச்சி எல்லாத்தையும் ஒரு கவர்ல போடுங்க. டாக்டர் கேப்பாக."

* * *

லோடு வண்டியை ஜெபசுந்தர் பறக்கவிட்டான். முன் சீட்டில் இரண்டு பெண்களின் மடியிலும் நீளவாக்கில் சிம்சோன். தலை ஜாஸ்பின் மடியில். வால் ஞானதீபத்தின் மடியில்.

அந்த நிலைமையிலும் அவள் அதைக் கவனித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தங்கல் ரோட்டில் திரும்பும்போது நாய் ஜாஸ்பினின் யூனிபார்ம் மேலேயே வாந்தி எடுத்தது. ஜாஸ்பின் அருவருக்கவில்லை. துப்பட்டாவால் அதன் வாயைத் துடைத்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றாள். அந்த வாந்தி என் மேல் பட்டிருக்கக் கூடாதா என்று ஞானதீபத்துக்கு இருந்தது.

சிவகாசியில் கால்நடை டாக்டர் வீட்டோடு கிளினிக் வைத்திருந்தார். போனில் சொல்லியிருந்ததால் காத்திருந்தார். உதவியாளர் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"என்னை நாலு வார்த்தை திட்டுனாக்கூட ஆறும்" என்றாள் ஞானதீபம்.

ஜாஸ்பின் யூனிபார்மில் இருந்த கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்ட எனக்கும் வாயில்லக்கா. நீங்க ஒளிக்காமச் சொல்லிட்டீக. நான்தான் பத்து நாளா ஒளிச்சிட்டிருக்கேன்."

"என்னத்தை?"

"சாத்தூர்ல ஆஸ்பத்திரி பக்கமே வீடு பாத்திருக்கோம். அடுத்த மாசம் போறோம்." நிறுத்தினாள். "அந்தத் தெருவுல வெடிச்சத்தம் அம்புட்டாக் கேக்காது. சிம்சோனையும் எங்ககூடக் கூட்டிட்டுப் போறதாப் பேசியிருக்கு. அத்தானும் சரின்னுட்டாக. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

காலையில் லோடு வண்டிப் பக்கம் நின்றுபோன பேச்சு இப்போது முழுசாகக் கேட்டது. அவளைக் கேட்காமல், அவள் பால் புகட்டி வளர்த்த நாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தது அவள் புருஷன்.

யாரைக் கேட்டுக் கொடுத்தீக, அது என் நாயி என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். நேற்றைக்கு இதைக் கேட்டிருந்தால் அந்தத் தெருவே கூடியிருக்கும்.

இன்றைக்கு அவள் கண் பெஞ்சில் கிடந்த கவருக்குப் போனது. அது என் நாய் என்று சொல்ல இன்று சாயங்காலம் வரைக்கும் இருந்த உரிமை, கவருக்குள் குச்சியாகக் கிடந்தது.

கதவு திறந்தது. "சிம்சோன்கூட வந்தவுக யாரு?" என்றார் உதவியாளர்.

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"ஒருத்தர் போதும்மா. அது என்ன தின்னுச்சு, எதுல காய்ஞ்சது, எம்புட்டு உள்ள போச்சு, எல்லாம் சரியாத் தெரிஞ்ச ஆள் மட்டும் வாங்க."

ஜாஸ்பின் மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்தாள். கவரை எடுத்து நீட்டினாள். "நீங்கதான்க்கா போகணும்."

எட்டு நாளாக ஞானதீபம் ஆசைப்பட்டது இதுதான். எல்லோருக்கும் முன்னால் தன்னை மட்டும் நாயிடம் அழைக்க வேண்டும், ஜாஸ்பின் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். கவரை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

இரும்பு மேசையில் சிம்சோன் ஒருக்களித்துக் கிடந்தது. முன்னங்காலில் ஊசி. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் வால் ஒரு தடவை மேசையில் தட்டியது.

ஓடிப்போய் அதன் தலையைத் தடவக் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கைதான் குச்சியைத் தொட்டது, சட்டத்தைத் தொட்டது. இன்னும் கழுவவில்லை.

"மருந்து ஒட்டியிருக்கும்லே" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்றபடியே, டாக்டரிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.